பெரியப்பாவோடு டார்வினைப் பேசுவது எப்படி?

கல்லூரி முதலாண்டு விடுமுறையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் உறவினர் வீட்டில் பால்காய்ச்சு. பந்தி முடிந்து திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே பெரியப்பா கேட்டார்: "குரங்குல இருந்து மனுசன் வந்தான்னா, இப்ப இருக்கிற குரங்கு ஏன்டா இன்னும் குரங்காவே இருக்கு?" நான் அப்போதுதான் சாமி கும்பிடுவதை விட்டிருந்தேன். கையில் இரண்டு புத்தகம், தலை நிறைய வேகம். "படிக்காதவங்ககிட்ட இதைப் பேசி என்ன ஆகப் போகுது" என்றேன். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர். பெரியப்பா எட்டாவதோடு பள்ளியை நிறுத்தியது என் அப்பாவைப் படிக்க வைப்பதற்காக. மடித்த வெற்றிலையைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார். நான்கு வருடம் என்னோடு பேசவில்லை.

அவர் கேட்டது நல்ல கேள்வி. பதினெட்டு ஆண்டுகளாகப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு பிள்ளை அதைக் கேட்காமல் இருந்ததில்லை. எனக்கு இன்றும் கடவுள் நம்பிக்கை கிடையாது. எங்கள் வீட்டில் மற்ற எல்லோருக்கும் உண்டு. பரிணாமம் பற்றி வீட்டிலோ நண்பர்களிடமோ முதன்முறையாகப் பேசப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சாமி கும்பிடுகிறவர், கும்பிடாதவர், இரண்டு பேருக்கும்தான்.

முதல் வேலை: எந்தக் கேள்வியைப் பேசுகிறோம்?

ஒரு தாளை எடுத்து நான்கு கேள்விகளைத் தனித்தனியாக எழுதுங்கள். உயிரினங்கள் காலப்போக்கில் மாறினவா, அவற்றுக்குப் பொது மூதாதை உண்டா? மாறின என்றால் எப்படி மாறின? முதல் உயிர் எப்படித் தோன்றியது? கடவுள் இருக்கிறாரா? நான் கேட்ட சண்டைகளில் பெரும்பாலானவற்றில் ஒருவர் முதல் கேள்வியைப் பேசுகிறார், எதிரே இருப்பவர் நான்காவதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். 1859இல் டார்வின் வெளியிட்ட நூல் முதல் இரண்டு கேள்விகளைப் பற்றியது. மூன்றாவதை அவர் அதில் விளக்க முற்படவில்லை. நான்காவதில் தம்மை ஐயவாதி என்று சொல்லிக்கொண்டார். ஆனால் ஒருவர் தீவிர இறைநம்பிக்கையாளராகவும் பரிணாமத்தை ஏற்பவராகவும் இருக்க முடியும் என்பதில் தமக்குச் சந்தேகமில்லை என்று 1879இல் ஒரு கடிதத்தில் எழுதினார்.

நாத்திகர்கள் முதலில் திருத்திக்கொள்ள வேண்டியது இங்கேதான். பரிணாமம் உண்மை, ஆகவே கடவுள் இல்லை என்பது தாவல். அமெரிக்காவில் டார்வினுக்காக முதலில் வாதாடிய தாவரவியலாளர் ஏசா கிரே பக்தியுள்ள கிறிஸ்தவர். பரிணாமத்தின் வெளிச்சம் இல்லாமல் உயிரியலில் எதுவும் புரியாது என்று 1973இல் எழுதிய தியோடோசியஸ் டாப்ஜான்ஸ்கியும் நம்பிக்கையாளர்தான். மனித மரபணுத் தொகுதித் திட்டத்தை நடத்திய பிரான்சிஸ் காலின்ஸும் அப்படியே. 1996இல் போப் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று அறிவித்தார். நம்பிக்கையாளர்கள் திருத்திக்கொள்ள வேண்டியதும் இதுவேதான்: பரிணாமத்தை ஏற்றால் சாமியைத் தொலைத்துவிடுவோம் என்ற பயம் இத்தனை பேர் வாழ்க்கையில் பலிக்கவில்லை.

சொற்களைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள்

‘குரங்கிலிருந்து மனிதன்’ என்ற தொடரை நீங்கள் பயன்படுத்தவே பயன்படுத்தாதீர்கள். பெரியப்பாவின் கேள்வி அந்தத் தொடருக்குள்ளிருந்து வந்தது. உங்கள் சித்தப்பா மகனுக்கு நீங்கள் பிறக்கவில்லை. இருவருக்கும் தாத்தா ஒருவர். சிம்பன்சி நமக்குப் பங்காளி முறை. சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இரு கிளையும் பிரிந்தன. நாம் பிறந்துவிட்டோம் என்பதற்காகப் பங்காளி வீடு காலியாக வேண்டியதில்லை. இந்த ஒரு விளக்கத்தை அன்று திண்ணையில் சொல்லியிருந்தால் போதும்.

‘தியரி’ இன்னொரு தொல்லை. கடைத்தெருவில் தியரி என்றால் ஊகம். அறிவியலில் அது ஏராளமான சான்றுகளைக் கோத்து விளக்கும் கோட்பாடு. கிருமியால் நோய் வருகிறது என்பதும் அந்த அர்த்தத்தில் தியரிதான்.

‘படிவளர்ச்சி’, ‘பரிணாம வளர்ச்சி’ என்ற சொற்களில் ஓர் ஏணி ஒளிந்திருக்கிறது. கீழே புழு, உச்சியில் நாம். அப்படி ஏணி எதுவும் கிடையாது, கிளை பிரியும் மரம்தான் உண்டு. இலங்கைப் பாடநூல்களில் ‘கூர்ப்பு’ என்கிறார்கள். அழகான சொல், ஆனால் தமிழ்நாட்டில் சொன்னால் விளக்க வேண்டியிருக்கும். நான் ‘பரிணாமம்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எல்லாவற்றையும்விடச் சிக்கலானது ‘நம்பு’ என்ற வினைச்சொல். பெருமாளை நம்புவதும், டாக்டரை நம்புவதும், சாயங்காலம் மழை வரும் என்று நம்புவதும் நமக்கு ஒரே சொல். "நீ பரிணாமத்தை நம்புறியா?" என்று கேட்கும்போதே அது இன்னொரு மதம் போல ஒலிக்கிறது. நான் "ஏத்துக்கிறேன், இன்ன காரணத்துக்காக" என்று பதில் சொல்வேன். இதைச் சொற்சிலம்பம் என்று தள்ளாதீர்கள். பாதிக் கோபம் இந்த ஒரு சொல்லிலிருந்துதான் கிளம்புகிறது.

முப்பது சான்று வேண்டாம், மூன்று போதும்

புதிதாக வருகிறவர்கள் கிடைத்ததையெல்லாம் மனப்பாடம் செய்துவிட்டு வந்து கொட்டுகிறார்கள். எதிரே இருப்பவர் ஒன்றைத் தோண்டிக் கேட்டால் விழிக்கிறார்கள். மூன்றை மட்டும் அடி முதல் நுனி வரை கற்றுக்கொள்ளுங்கள்.

நமக்கு 46 குரோமோசோம், சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டானுக்கு 48. பொது மூதாதை உண்மையென்றால் ஓர் இணை எங்கே போனது? இரண்டு குரோமோசோம்கள் ஒட்டியிருக்க வேண்டும். நம் 2ஆம் குரோமோசோமைப் பார்த்தால், நுனியில் மட்டும் இருக்க வேண்டிய தொடர் அதன் நடுவில் இருக்கிறது. செயலிழந்த இன்னொரு மையப்பகுதியின் தடமும் இருக்கிறது. இது பிழைபட்டிருக்கக்கூடிய கணிப்பு, பிழைபடவில்லை. அதனால்தான் இதை முதலில் வைக்கிறேன்.

இரண்டாவது, டிக்டாலிக் என்ற புதைபடிவம். மீனுக்கும் நான்கு கால் விலங்குக்கும் இடைப்பட்ட உயிர் இருந்திருந்தால் ஏறத்தாழ 37.5 கோடி ஆண்டு வயதுள்ள, ஆழமற்ற நீரில் படிந்த பாறையில் கிடைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, அப்படிப்பட்ட பாறை இருக்கும் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் பல ஆண்டுகள் தேடி 2004இல் கண்டுபிடித்தார்கள். செதிலும் செவுளும் மீனுடையவை. கழுத்தும், துடுப்புக்குள் மணிக்கட்டும் அப்படியில்லை.

மூன்றாவது எங்கள் ஊர்ப்பக்கம். 2003இல் ஆய்வாளர்கள் பிஜுவும் பிராங்கி போசூயிட்டும் இடுக்கியிலிருந்து ஒரு தவளையை உலகுக்கு அறிவித்தார்கள். ஊதிய பலூன் மாதிரி உடம்பு, ஊதா நிறம், பன்றி போலக் கூர்ந்த மூக்கு. ஆண்டு முழுக்க மண்ணுக்கடியில் கறையான் தின்று கிடக்கும். மழை தொடங்கும்போது இனப்பெருக்கத்துக்காகச் சில நாள் மட்டும் மேலே வரும். இதன் குடும்பத்துக்கு நெருங்கிய சொந்தம் இந்தியாவில் எங்கும் கிடையாது. சுமார் 3,000 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் செஷல்ஸ் தீவுகளில் இருக்கிறது. உப்புத்தண்ணீர் தவளைத் தோலுக்கு ஆகாது, நீந்திப் போயிருக்க வழியில்லை. ஆனால் சுமார் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை இந்தியாவும் செஷல்ஸும் ஒட்டியிருந்த நிலம். நிலம் பிரிந்தபோது சொந்தங்களும் பிரிந்துவிட்டன. 2017இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்திலிருந்து இன்னோர் இனத்தை விவரித்தார்கள். மேற்கே உள்ளது தென்மேற்குப் பருவமழையில் இனம் பெருக்குகிறது. கிழக்கே உள்ளது நம் ஐப்பசி, கார்த்திகை மழையில். அதன் தலைப்பிரட்டைகள் வாயையே உறிஞ்சியாக்கி, பாய்ந்தோடும் ஓடையில் பாறையோடு ஒட்டிக்கிடக்கும்.

உங்கள் ஊருக்கு அருகில் இப்படி ஒன்றைத் தேடிக் கண்டுபிடியுங்கள். டார்வின் கண்ட கலாபகஸ் தீவுக் குருவியைச் சொன்னால் கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். பக்கத்து மலைத் தவளையைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பேச்சைத் தொடங்கும் இரண்டு கேள்விகள்

வாதத்தை வைப்பதற்கு முன் இந்த இரண்டையும் கேட்டுவிடுங்கள். ஒன்று: "பரிணாமம்னா என்னனு நீங்க புரிஞ்சு வச்சிருக்கீங்க?" பதிலைக் குறுக்கே வெட்டாமல் கேளுங்கள். அவர் மறுப்பது பெரும்பாலும் நீங்களும் மறுக்கும் ஒன்றாக இருக்கும்.

இரண்டாவது கடினம்: "எது தெரிஞ்சா உங்க எண்ணம் மாறும்?" 2014 பிப்ரவரி 4 அன்று அமெரிக்காவின் கெண்டக்கியில் உள்ள படைப்பு அருங்காட்சியகத்தில் அறிவியல் பரப்புரையாளர் பில் நையும் படைப்புவாதி கென் ஹாமும் இரண்டரை மணி நேரம் வாதாடியபோது இதைக் கேட்டார்கள். கிறிஸ்தவனாகிய எனக்கு வேத வார்த்தை உண்மையல்ல என்று யாராலும் காட்ட முடியாது என்பது ஹாமின் பதில். ஒரேயொரு சான்று போதும் என்றார் நை. தவறான பாறை அடுக்கில் கிடைத்த ஒரு புதைபடிவம் என்பது மாதிரி உதாரணங்கள் சொன்னார். திறந்த மனம் என்று நாம் பெருமையடித்துக்கொள்வதை அளக்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. ஆனால் முதலில் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். நாத்திக நண்பர்களிடம் "என்ன நடந்தால் கடவுள் இருக்கிறார் என்று ஏற்பீர்கள்?" என்று கேட்டிருக்கிறேன். பலர் அதை யோசித்ததே இல்லை. யோசிக்காத வரை மூடியிருப்பது நம் கதவும்தான்.

எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு கணக்கு டீச்சர். ஆறு நாளில் உலகம் படைக்கப்பட்டது என்று உறுதியாக ஏற்பவர். அவரிடம் இரண்டாம் கேள்வியைக் கேட்டேன். "எதுவும் மாத்தாது சார்" என்றார், சிரிப்பில்லாமல். அதற்கு மேல் குரோமோசோமைப் பேசிப் பயனில்லை. அப்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு: "இது போச்சுன்னா உங்களுக்கு எது போகும்?" டப்பாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஆதாம் இல்லேன்னா முதல் பாவம் இல்ல. பாவம் இல்லேன்னா சிலுவை எதுக்கு சார்?" இத்தனை வருடம் நான் அவரோடு புதைபடிவத்தைப் பேசிக்கொண்டிருந்தேன், அவர் தம் மீட்பைப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வது முறையில்லை. காலின்ஸ் போல இரண்டையும் ஏற்ற கிறிஸ்தவர்கள் அதை எப்படிக் கையாண்டார்கள் என்று தேடிப் பார்க்கச் சொன்னேன். பார்த்தாரா என்று கேட்கவில்லை.

எல்லோருக்கும் பயம் ஒரே இடத்தில் இருக்காது என்பதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். என் முஸ்லிம் நண்பர்களில் சிலருக்குச் செடி, விலங்கு மாறியதில் சிக்கலில்லை. ஆதம் மட்டும் தனிப் படைப்பு. வைணவக் குடும்பத்தில் உலகின் வயதைப் பற்றிச் சண்டையே வராது, பிரம்மாவின் ஒரு பகலே 432 கோடி ஆண்டு. அங்கே வருவது வேறு வாதம்.

எதிரே வரும் வாதங்கள்

"மச்சம், கூர்மம், வராகம், நரசிம்மம், வாமனன். நாங்க அப்பவே சொல்லிட்டோம்ல?" இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த வரிசை கண்ணை ஈர்ப்பது உண்மை. பொறுமையாக ஒன்றைக் கேளுங்கள்: மச்சம் கூர்மமாக மாறியதாகப் புராணம் சொல்கிறதா? இல்லை. ஒவ்வொரு முறையும் அதே பெருமாள் இறங்கி வருகிறார். அவதாரம் என்றாலே இறங்கி வருதல்தான். அதைப் பரிணாமப் பாடமாக்கினால் அறிவியலும் கெடும், அவதாரத்தின் பொருளும் கெடும். ‘புல்லாகிப் பூடாய்ப் புழுவாய்’ என்ற திருவாசக வரிக்கும் இதே பதில். அங்கே பிறவி பிறவியாக அலைந்து இளைத்துப்போன ஓர் உயிர் பேசுகிறது. இனங்கள் மாறுவது அங்கே பேச்சில்லை.

"குரங்கு மனுசனானதை யாராவது கண்ணால பாத்தாங்களா?" 2018இல் மத்திய இணை அமைச்சர் ஒருவரே இப்படிச் சொல்ல, நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் கூட்டாக மறுப்பு வெளியிட்டன. இதற்குக் காசநோய் மாத்திரை நல்ல பதில். ஆறு மாதம் விடாமல் சாப்பிடச் சொல்வது ஏன்? பாதியில் நிறுத்தினால் மருந்தைத் தாங்கும் கிருமிகள் தப்பிப் பெருகும். அதுதான் இயற்கைத் தேர்வு, நம் நுரையீரலுக்குள்ளேயே. 1988இல் ரிச்சர்ட் லென்ஸ்கி 12 குடுவைகளில் பாக்டீரியா வளர்க்கத் தொடங்கினார். முப்பதாயிரம் தலைமுறைக்குப் பிறகு ஒரு குடுவையில் மட்டும், காற்றுள்ள சூழலில் அதுவரை எந்தக் குடுவையும் உண்ண முடியாத சிட்ரேட்டை உண்ணும் திறன் வந்தது. இதைச் சொன்னால் "பாக்டீரியா பாக்டீரியாவாத்தானே இருக்கு?" என்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குத்தான் டிக்டாலிக்கும் குரோமோசோமும்.

"கண்ணு தானா வந்திருக்குமா?" தானாக ஒரே நாளில் வரவில்லை. வெளிச்சம் உணரும் வெறும் குழி, ஊசித்துளைக் கண், லென்ஸுள்ள கண் என்று படிப்படியாக எல்லா வகையும் இன்றும் நத்தை, நாட்டிலஸ், ஆக்டோபஸ் குடும்பத்தில் உயிரோடு இருக்கின்றன. மரபணு மாற்றம் தற்செயல். எது தங்கும் என்பது தற்செயல் இல்லை.

"அப்போ வலுத்தவன் வாழட்டும்னு விட்டுடலாமா?" இதை அவசரமாகத் தாண்டாதீர்கள். ‘தகுதியுள்ளவை தப்பிப் பிழைக்கும்’ என்ற தொடரைப் படைத்தவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர். அதைச் சாக்காக வைத்து மனிதர் மனிதரைக் கொடுமைப்படுத்தியது வரலாறு. அதை ஒப்புக்கொள்ளுங்கள். அப்புறம் சொல்லுங்கள்: இயற்கையில் என்ன நடக்கிறது என்பது, நாம் எப்படி நடக்க வேண்டும் என்ற கட்டளை ஆகாது. புவியீர்ப்பு உண்டு என்பதற்காக யாரையும் மாடியிலிருந்து தள்ளுவதில்லை.

உங்கள் பக்கத்துப் பொய்யை நீங்களே வெட்டுங்கள்

டார்வினுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தம் முடிவுக்கு எதிரான செய்தி எதைக் கண்டாலும் உடனே எழுதி வைப்பார். சாதகமானவற்றைவிட அவை சீக்கிரம் மறந்துபோவதைக் கவனித்திருந்தார். நானும் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். உங்களிடமும் ஒன்று இருக்கட்டும்.

நம்பிக்கையாளர் நோட்டில் முதலில் எழுத வேண்டியது: டார்வின் மரணப் படுக்கையில் மனந்திரும்பினார் என்ற கதை பொய். அவர் இறந்தது 1882இல்; ஹோப் சீமாட்டி என்பவரின் பெயரில் கதை அச்சானது 1915இல்; தந்தையின் கடைசி நேரத்தில் உடனிருந்த மகள் ஹென்ரியட்டா அதை 1922இல் மறுத்தார். நாத்திகர் நோட்டில்: பில்ட்டவுன் மனிதன் என்ற பெயரில் மனித மூதாதையாக 1912இல் அறிவித்த மண்டையோடு மோசடி, ஒராங்குட்டான் தாடையை ஒட்டியது, வெளிப்பட 1953 வரை ஆயிற்று. அதை வெளிப்படுத்தியதும் அறிவியலாளர்களே என்று சொல்லலாம், ஆனால் நாற்பது ஆண்டு ஏமாந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘மதம் எப்போதும் அறிவியலுக்கு எதிரி’ என்பதும் அதே பக்கத்தில் போகட்டும். பரம்பரை விதிகளைக் கண்ட மெண்டல் துறவி, பெருவெடிப்புக் கருத்துக்கு வித்திட்ட லெமைத்ர் பாதிரியார். பரம்பரையைப் பற்றி டார்வின் சொன்ன விளக்கமோ தவறாகிப் போனது.

இடமும் நேரமும்

கூட்டத்தில் பேசாதீர்கள். கூட்டத்தில் யாரும் மனம் மாற மாட்டார்கள், முகத்தைத்தான் காப்பாற்றுவார்கள். துக்க வீட்டிலும் விசேஷ வீட்டிலும் வேண்டவே வேண்டாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது தவறான செய்தி போட்டால் அவருக்குத் தனியாக எழுதுங்கள். பெரியவர்களிடம் குரல் உயர்ந்தால் அன்றைய பேச்சு அதோடு முடிந்தது. உண்மை உங்கள் பக்கம் இருப்பதால் அது மாறாது. ஒரே வாதம் மூன்றாவது முறை வந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கழித்து வேறு எதற்காவது போன் செய்யுங்கள், முட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேட்க.

ஆனால் பள்ளிப் பாடம் வேறு விஷயம். 2023இல் மத்தியப் பாடநூல் நிறுவனமான என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பிலிருந்து பரிணாமத்தை நீக்கியபோது 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். அங்கே விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. வீட்டுத் திண்ணையில் காட்டும் பொறுமையைப் பாடத்திட்டத்தில் காட்டினால் பிள்ளைகள் இழப்பார்கள்.

நம்பிக்கையைத் தொடாமலேயே காட்டக்கூடியதும் நிறைய உண்டு. ஒரு மார்கழி விடியலில் கோயில் பிராகாரத்தில் பாசுரம் ஒலிக்கையில் அம்மாவின் முன்கையைப் பார்த்தேன். மயிர்க்கால் ஒவ்வொன்றும் குத்திட்டு நின்றது. ஒவ்வொரு மயிரின் அடியிலும் ஒரு சின்னத் தசை இருக்கிறது. பயந்த பூனை உடம்பைப் பெரிதாகக் காட்டுவதும், குளிரில் குரங்கு ரோமத்துக்குள் காற்றை அடைப்பதும் அதே தசையால். நமக்கு ரோமம் போய்விட்டது, தசை தங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அத்தனை பழசா இது?" என்றாள். அவளுக்குப் பாசுரமும் குறையவில்லை.

‘தெரியாது’ என்று சொல்லப் பழகுங்கள்

நான்கு வருடம் கழித்துப் பெரியப்பா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். டார்வின் பேச்சை அவராக எடுக்கும்வரை நான் எடுக்கவில்லை. அதற்கு இன்னும் பல வருடம் ஆயிற்று. ஒருநாள் பேரன் பாடப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, "பழைய கேள்விக்குப் பதில் வந்துச்சா?" என்றார். பங்காளி விளக்கத்தைச் சொன்னேன், அப்புறம் தவளையைச் சொன்னேன். வருடத்துக்கு ஒருமுறை பாதாளத்திலிருந்து எழுந்து வருவதால் மலையாளத்தில் அதற்கு மாவேலித் தவளை என்று பெயர் உண்டு என்றதும் நிமிர்ந்தார். வாமனன் அழுத்திய மகாபலி அல்லவா. செஷல்ஸ் எங்கே என்று கேட்டு, பேரனின் அட்லஸில் விரலால் அளந்தார்.

"சரி, தவளை தவளையிலருந்து வந்துச்சு. எல்லாத்துக்கும் மொத உசுரு ஒண்ணு இருக்கும்ல, அது எப்படி வந்துச்சு?"

"தெரியாது பெரியப்பா. ஆராய்ச்சி நடக்குது. இன்னும் யாருக்கும் முழுசா தெரியாது."

வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டார். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.